முப்பத்தேழரை நீர்க்காகங்கள்

பாடாங் மேஹா,
நவம்பர் மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் சாந்தினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கோழிகளும் சுகம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான், ஆகவே அதையும் சுகக் கணக்கிலேயே சேர்த்துக்கொள். நீ அங்கே காதை மூடி, காலை மூடி, வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கிளாஸ்கோவில் மரமெல்லாம் மொட்டையாகி, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று போன வாரம் சொன்னாய். நாலு மணிக்கு இருட்டினால் சாயங்காலத் தேத்தண்ணியை எப்போதுதான் குடிப்பீர்கள் என்று அன்றிலிருந்து எனக்கு யோசனையாகவே இருக்கிறது. இங்கே தினமும் மத்தியானத்தில் மழை, துணி காய்வதில்லை, மற்றபடி குறையொன்றும் இல்லை.

போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ, அதெல்லாம் இருக்கட்டும்மா அப்பா என்ன சொன்னார் என்று நேராகக் கடைசிக்கு ஓடிவிடுவாய். நான் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும். அதனால்தான் எழுதி, கோந்து போட்டு ஒட்டி, ரஃபேல் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். தன்னைப் பற்றி எழுதிய கடிதத்தைத் தானே சுமந்து வருகிறான், பாவம். உறை பிரிந்திருந்தால் அவனைக் கேள், நான் போட்டது நல்ல கோந்து. நீயும் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, தாவினால் எனக்குத் தெரிந்துவிடும்.

வைகாசியில் நீ அவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்றைக்கு அப்பா போனில் சொன்னதை நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. "பெரட்டு முடிஞ்சிருச்சு. இனிமே இந்த வீட்டுல ஒனக்குப் பேர் இல்ல" என்றார். காலமெல்லாம் தோட்டத்தில் ஆள் மேய்க்கும் மண்டோர் வேலை பார்த்த மனுஷனுக்குக் கோபம் வந்தாலும் தோட்டத்து வார்த்தைதான் வரும். லயத்து வீட்டில் பிறந்த உனக்குப் பெரட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ரஃபேலும் ஒருநாள் இதைப் படிப்பான், கூலிம் டவுன் பையன், அவனுக்காக எழுதிவைக்கிறேன். விடிவதற்கு முன்னே தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், மண்டோர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், இருக்கேன் என்று குரல் கொடுத்தவனுக்கு அன்றைய கூலிக்குப் பேர் விழும். விசில் ஊதிவிட்டால் பெரட்டு முடிந்தது. அதற்குமேல் தலை தெறிக்க ஓடிவந்தாலும் பேர் இல்லை, வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். உன் அப்பா பெற்ற தாய்க்கும் காத்திருக்காத மண்டோர் என்று பேர் வாங்கியவர்.

அன்றிலிருந்து ஆறு மாதமாக, நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் கோழிக்குத் தீனி போடப் போய்விடுகிறார். கோழிகள் இப்போது உன் போன் மணியைக் கேட்டாலே கூண்டு வாசலில் வந்து நிற்கின்றன, எல்லாம் பெருத்துவிட்டன. என்ன காரணம் என்று கேட்டால் ஒரு நாள் சர்ச் என்பார், ஒரு நாள் சம்பளம் என்பார், ஒரு நாள் ஆம்பளைப் பிள்ளை பறவையை எண்ணியா பிழைப்பான் என்பார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நீ அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவாய் என்ற பயம். எனக்கும் அதே பயம்தான், நான் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன், அவர் கோழிக்கூண்டுக்குப் போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிலும் பார், ஏழு கடல் தாண்டிப் போய் நீ பிடித்து வைத்திருப்பது இங்கே பக்கத்திலிருக்கிற கூலிம் பையனை. முன்னமே சொல்லியிருந்தால் கம்பெனி பஸ்ஸில் தொத்திக்கொண்டு போய் நானே பார்த்துவிட்டு வந்திருப்பேன். சரி, அவன் நவம்பரில் ஊருக்கு வருகிறான், நம் ஆறாங்கட்டை ஏரியில் நீர்ப்பறவை எண்ணப் போகிறான், பாத்துட்டுச் சொல்லும்மா என்று நீ கேட்டாயே, அப்போதே முடிவு செய்துவிட்டேன், பார்க்கப்போவது நான் மட்டும் இல்லை என்று. அப்பாவிடம், ஏரிக்குப் பறவை எண்ண ஓர் ஆபிசர் வருகிறார், கூட வர இருந்தவருக்குக் காய்ச்சலாம், கரை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன். ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த மனுஷன், தட்டில் சோறு ஆறுவதற்குள் சரி என்றார். ஆபிசர் பேர் என்ன என்று கேட்டார். ரஃபேல் என்று சொன்னால் கதை முடிந்தது. அவர்கள் சர்ச்சில் இறக்கையோடு நிற்கிற இன்னொருவர் ஞாபகம் வந்தார், கேப்ரியல் என்று சொல்லிவிட்டேன். ரஃபேலுக்கும் போன் போட்டு, இரண்டு நாளைக்கு உன் பேர் கேப்ரியல் என்றேன். ஆண்டி, இது பொய் இல்லையா என்று கேட்டான். பொய்தான், உனக்கு சாந்தினி வேண்டுமா வேண்டாமா என்றேன். கேப்ரியலாக இருக்க ஒத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடியுமுன் உன் அப்பாவை நீ பார்த்திருக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் கிடந்த காக்கிச் சட்டை, மண்டோர் தொப்பி, கழுத்தில் விசில். சட்டைப் பொத்தான் வயிற்றைச் சுற்றி வர மறுத்துவிட்டது, நான் ஊக்கு குத்திவிட்டேன். மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் நான், என் மடியில் சாப்பாட்டு அடுக்கு. செம்பனைத் தோட்டத்துக்குள் போகிற மண் ரோடு மழையில் குழம்பிக் கிடக்கிறது, ஏரியில் போய் இறங்கும்போது என் சேலை முழங்கால் வரை சிவப்பு. அங்கே அவன் எங்களுக்கு முன்பே வந்து, மூன்று காலில் நிற்கும் தொலைநோக்கியை நட்டு, ஒற்றைக் கண்ணை அதில் வைத்து, வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தான். ஒல்லி உடம்பு, கண்ணாடி, ஆட்டுத்தாடி. வாய்க்குள் ஈ போய்விடப் போகிறதே என்பதுதான் நம் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு முதலில் தோன்றிய கவலை. அப்பா, வணக்கம் கேப்ரியல் என்றார். அவன் திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னார், அப்போதும் திரும்பவில்லை. நான் இருமினேன். தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பி வணக்கம் அங்கிள் என்றான். காது மந்தமோ என்று அப்பா என்னிடம் கேட்டார். எந்நேரமும் பறவைச் சத்தம் கேட்கிற காது, மனுஷச் சத்தம் மெதுவாகத்தான் ஏறும் என்று சமாளித்தேன்.

வேலை என்னவென்றால், ஏரியைச் சுற்றி எந்தெந்தப் பறவை எத்தனை இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அவனுக்குக் கிழக்குக் கரை, அப்பாவுக்கு மேற்குக் கரை. ஆனால் உன் அப்பா எண்ணவில்லை சாந்தினி, பெரட்டு எடுத்தார். கொக்குகளுக்கெல்லாம் முழுப் பேர், ஏனென்றால் அவை குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கின்றன. மீன்கொத்திக்கு முழுப் பேரோடு ஒரு சபாஷ். தாழைக்கோழிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருந்ததால் கடைசி எச்சரிக்கை கொடுத்துப் பேர் போட்டார். ஏரியைக் குறுக்கே நீந்திப் போன நீர்நாய்க் குடும்பத்தை, இதுங்க கான்ட்ராக்ட் ஆளுங்க, நம்ம பெரட்டுல வராது என்று விட்டுவிட்டார். பட்ட மரத்தில் வரிசையாக உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகங்களைப் பார்த்தபோதுதான் அவருக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள் வந்ததிலிருந்து ஒன்றுகூடத் தண்ணீரில் இறங்கவில்லை. சட்டை காயப் போடுகிறவனுக்கெல்லாம் முழுப் பேர் போட்டால் தோட்டம் விளங்குமா என்று எல்லாவற்றுக்கும் அரைநாள் கூலிக்கான அரைப் பேர் போட்டுவிட்டார்.

ரஃபேல் வந்து தாளை வாங்கிப் பார்த்தான். நீர்க்காகம், முப்பத்தேழரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான், அப்போதும் முப்பத்தேழரைதான். அங்கிள், அந்த அரை எங்கே உட்கார்ந்திருக்கு என்று கேட்டான். அப்பா பெரட்டு விதிகளை முதலிலிருந்து விளக்கினார். நான் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. அப்ப மரத்துல இருக்கிறது எழுபத்தஞ்சு, வேலை பாக்கிறது முப்பத்தேழரை, அப்படித்தானே அங்கிள் என்று மரியாதையாகக் கேட்டுத் தன் கணக்கில் முழுசாகப் போட்டுக்கொண்டான். அந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்தது. நம் வீட்டு ஆளைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தானே தெரியும்.

எட்டு மணிக்கு அப்பா எழுந்து நின்று விசில் ஊதினார். ஏரியில் இருந்ததில் பாதி அந்தச் சத்தத்துக்கே எழுந்து பறந்துவிட்டது. ரஃபேல் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆனாலும், பரவால்ல அங்கிள் என்றுதான் சொன்னான். சற்று நேரத்தில் வடக்கேயிருந்து ஒரு கூட்டம் கொக்கு வந்து இறங்கியது. அதை எழுதச் சொன்னான். அப்பா மாட்டேன் என்றார். பறவைக்கெல்லாம் டைம் இல்லலா அங்கிள், சிலது சைபீரியாவிலிருந்து பறந்து வருது என்று அவன் கெஞ்சினான். எங்கேயிருந்து வந்தால் என்ன, ஊதினால் ஊதினதுதான் என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் கொக்கைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஃபேல் தொலைநோக்கியை விட்டு அவர் பக்கம் திரும்பினான். பிறகு, நீலச்சிறகி என்று ஒரு வாத்து உண்டு, குளிர் நாட்டிலிருந்து வருஷா வருஷம் நாலைந்து இந்த ஏரிக்கு வரும், இந்த வருஷம் இன்னும் காணோம், அதற்காகத்தான் முக்கியமாக வந்தேன் என்றான். வரலன்னா பேரை வெட்டு என்றார் அப்பா. அவன் பயப்படாமல் பதில் சொன்னான். "வெட்ட முடியாது அங்கிள். வந்து பழகின எடத்துக்கு அதுங்க திரும்பி வரும். லேட்டாகும், அவ்ளோதான்." அப்பா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பசியாற உட்கார்ந்தோம். நாசி லெமாக், கோழிப் பிரட்டல், அவித்த முட்டை, எல்லாம் அதிகாலையில் எழுந்து செய்தது. அடுக்கைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் பாயில் ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு உடும்பு உட்கார்ந்து, அவித்த முட்டையை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் அப்பா குடையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார், சட்டையில் குத்திய ஊக்கு தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. உன்னுடைய ஆள் என்ன செய்தான் தெரியுமா? தரையில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தான். என் முட்டை போகிறது, இவன் படம் எடுக்கிறான். ஆண்டி, இவ்வளவு பெரிய பியாவாக் நான் பார்த்ததே இல்ல என்று அவன் பூரித்துப் போய்ச் சொன்னபோது திட்ட வாய் வரவில்லை, என்னமோ நானே ஊட்டி வளர்த்த மாதிரி எனக்கும் கொஞ்சம் பெருமையாகிவிட்டது. கோழிப் பிரட்டல் தப்பித்தது. அதில் அவன் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான் என்பதையும் எழுதிவிடுகிறேன், உனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை இனியாவது அவனிடம் சொல்லிவிடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஈரத் துணியை மாற்றுவதற்குள் பக்கத்து வீட்டு உமாராணி வந்துவிட்டாள். அவளும் ஏரிப்பக்கம் வந்தபோது எங்களைப் பார்த்திருக்கிறாள், தாடி வைத்த பையன் யார், வேலை எப்படி, தன் தங்கை மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று நிற்கிறாள். அப்பாதான் நாற்காலியிலிருந்தபடியே, அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே பேசி வச்சிருக்காங்க என்றார். உமாராணி போனதும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நானும் நம்பிவிட்டேன். ஊரையே ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறவள்தான் முதலில் ஏமாறுவாள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் போய்விட்டோம். ஏரிமேல் பனி இருந்தது, பறவைகள் குரல் மட்டும்தான், உருவம் தெரியவில்லை. அவன் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டு நின்றான், நான் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா கரையில் போய் நின்று, தொப்பியைச் சரிசெய்து, பழைய குரலில் பேர் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் பிரேமாவதி என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து இருக்கேன் என்றேன். அடுத்து, ஏரியைப் பார்த்தபடியே, குரல் கொஞ்சமும் மாறாமல் கூப்பிட்டார்.

"ரஃபேல்."

"இருக்கேன் அங்கிள்."

கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. இரண்டு நாளில் அந்தப் பிள்ளை முதல் தடவையாகத் தன் பேருக்கு உடனே திரும்பியது அப்போதுதான். என்ன நடந்தது என்று அவனுக்கும் எனக்கும் அதற்குப் பிறகுதான் உறைத்தது, தேத்தண்ணி முழுக்க என் சேலையில். அப்பா மெதுவாகத் திரும்பினார். தோட்டத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி வந்து அண்ணன் பேருக்குக் குரல் கொடுப்பான், அடுத்தவன் பேரில் நிற்கிறவன் எப்போதும் ஒரு மூச்சு பிந்தித்தான் இருக்கேன் என்பான், அவனைப் பிடிப்பதுதான் மண்டோருக்கு முதல் பாடம் என்றார். வாழ்நாள் பூரா இவனுங்களப் புடிச்சவன்கிட்ட கேப்ரியலக் கொண்டாந்து நிறுத்துறியா என்று என்னைக் கேட்டார். ரஃபேல் தாடி நடுங்க மன்னிப்புக் கேட்டான். நான் குறுக்கே போய், அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்றேன். அவர் யாரையும் திட்டவில்லை. போ, போய்க் கெழக்குக் கரையைப் பாரு என்று மட்டும் சொல்லிவிட்டு மேற்குக் கரைக்கு நடந்தார். எனக்கு அது நல்லதா கெட்டதா என்றே புரியவில்லை, பாயிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணியானது, அப்பாவும் பாய்க்குத் திரும்பியிருந்தார். ரஃபேல் நேர்மையான பையன், எங்களிடம் வந்து நின்று அவனே, அங்கிள் எட்டாச்சு என்றான். அப்பா விசிலை வாய் வரை கொண்டுபோனார். ஊதவில்லை. கையைக் கீழே இறக்கி, "பொறு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தூரத்துலேருந்து வர்றதுங்க. மழையில எங்கேயாச்சும் மாட்டியிருக்கும்" என்றார். அவ்வளவுதான், நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். கொக்கு வந்தது, உள்ளான் வந்தது, வந்ததையெல்லாம் நேரம் பார்க்காமல் எழுதினார், நீர்க்காகத்துக்கும் முழுப் பேர் போட்டார். நீலச்சிறகி மட்டும் வரவில்லை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு செம்பனைக்கு அடியில், ஒரே குடைக்குள் மூன்று பேர் ஒடுங்கி நிற்கிறோம். அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டே ரஃபேலிடம் சொன்னார்.

"சாந்தினிகிட்ட சொல்லு. பெரட்டு இன்னும் முடியலன்னு."

ஆறு மாதத்துக்குப் பிறகு உன் பேரைச் சொன்னார். நான் அழுதேன், மழைத்தண்ணீர் என்று யாரும் நினைத்திருக்க முடியாது, மூக்கை உறிஞ்சிய சத்தம் அப்படி. ரஃபேல் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, என் காதுக்கருகில் வந்து, பெரட்டு முடியலன்னா நாளைக்கும் எண்ண வரணுமா ஆண்டி என்று கேட்டான். உனக்கு ஒன்றும் புரிய வேண்டாம் ராசா, கடிதம் தருகிறேன், கொண்டுபோய்க் கொடு, அவளுக்குப் புரியும் என்றேன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை, எண்ணுகிற வேலை நேற்றோடு முடிந்தது. இருந்தாலும் காலையில் எழுந்து பார்த்தால் மோட்டாரைக் காணோம். பத்து மணிக்குத்தான் வந்தார். எங்கே போனீர்கள் என்றால் சும்மா ஏரிப்பக்கம் என்கிறார், அந்த வாத்து இன்னும் வரவில்லையாம், நாளைக்கும் ஒரு நடை பார்க்கிறாராம். விசில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, எடுத்துக்கொண்டு போகவில்லை.

ரஃபேல் பெட்டியில் மிளகாய்த்தூள், கருவாடு, உனக்கு இரண்டு கம்பளிக் காலுறை வைத்திருக்கிறேன். கருவாட்டை நன்றாகச் சுற்றித்தான் கட்டினேன், இருந்தாலும் அவன் துணியெல்லாம் அந்த வாசம்தான் வரும், முகத்தைச் சுளிக்காதே. அவன் அம்மா அப்பாவைப் பார்க்கத் தை பிறந்ததும் கூலிமுக்குப் போகலாம் என்று அப்பாவே சொன்னார். கோயிலா சர்ச்சா என்பதை அங்கே பெரியவர்கள் நாங்கள் பேசிக்கொள்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் முதலில் லீவுக்கு எழுதிப் போடுங்கள். தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே. குலசாமி துணையிருக்கும், நீயும் அவனும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அடுத்த தடவை கூப்பிடும்போது நான் எடுக்கவில்லை என்று போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. இனிமேல் எடுக்கப்போவது நான் இல்லை. கோழிக்கூண்டிலிருந்து அந்த முழங்காலோடு அவர் நடந்து வர நேரமாகும். மணி அடிக்கட்டும், நீ பொறு.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரேமாவதி பக்கிரிசாமி